அந்த வக்கீலுக்காக அழ ஆளில்லை

ஹாலிவுட் படங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல உமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார்.

நண்பர் சாதாரண ஆசாமி அல்ல. ஹாலிவுட் படங்களைக் கரைத்துக் குடித்தவர். எந்தப் படத்துக்கு யார் காமிரா பிடித்தார், எந்த டைரக்டர் யாரிடமிருந்து எந்தக் காட்சியைச் சுட்டார், எந்தப் படம் முதல் வாரத்தில் எத்தனை கோடி டாலர் வாரியது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நானோ கல்லூரியில் இரண்டு வருஷம் பெஞ்சைத் தேய்த்துவிட்டுப் பட்டம் வாங்காமல் வெளியே வந்தவன். கதை எழுதிப் பிழைக்கிறவன். வருஷத்துக்கு நாலைந்து இங்கிலீஷ் படம் பார்ப்பேன். அதுவும் வீட்டில் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போனால்தான். வசனத்தில் பாதி எனக்குப் புரிவதில்லை. மீதிப் பாதி புரிந்தும் பிரயோஜனமில்லை.

ஆகவே நண்பர் கேட்டது நியாயமான கேள்விதான். எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆனால், டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில் ஒருவரும் என்னிடம் யோக்கியதை கேட்டதில்லையே! காசை நீட்டினேன்; வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். படம் ஓடினால், "ஜனங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்" என்று தம்பட்டம் அடிக்கிறார்களே, அந்த ஜனங்களில் நானும் ஒரு தலை. காசு கொடுக்கும்போது நான் மகாஜனம்; வாயைத் திறந்தால் மட்டும் பாமரனா? இது எந்த ஊர் நியாயம்?

என்னிடம் காமிரா ஞானம் இல்லை. எடிட்டிங் ஞானம் இல்லை. படங்களை நிறுத்துப் பார்க்க என்னிடம் இருப்பது ஒரே ஒரு படிக்கல். அதை எனக்குக் கொடுத்தவள் என் பாட்டி. அவளுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது.

1994ல் 'ஜுராஸிக் பார்க்' எங்கள் ஊர்ப் பக்கம் வந்தது. நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். வீடு முழுக்கப் படத்துக்குக் கிளம்பியது. பாட்டியை மட்டும் தனியாக விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் அவளையும் கூட்டிக்கொண்டு போனோம். அவளும் ரசித்துத்தான் பார்த்தாள். அந்த ராட்சஸப் பிராணிகளைக் கண்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். கொட்டகையே ஆடியது. விசில் பறந்தது. எல்லாம் முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது என்னைக் கேட்டாள்:

"ஏண்டா, கக்கூஸிலே உட்கார்ந்திருந்தானே, அவன் யாரு?"

"அவர் ஒரு வக்கீல், பாட்டி."

"அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாதா?"

"அதெல்லாம் படத்திலே சொல்லலே."

"சரி. அவன் செத்ததுக்கு எல்லாரும் ஏண்டா சிரிச்சாங்க?"

நான் கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொன்னேன்: "அவர் அந்தக் குழந்தைகளை வண்டியிலே விட்டுட்டு ஓடிட்டார், பாட்டி. கோழை."

பாட்டி கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். பிறகு, "பயந்தவன் செத்தா சிரிக்கணும்னு உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. காரணம், கொட்டகையில் நானும் சிரித்திருந்தேன்.

என் பாட்டி சினிமா நிபுணி அல்ல. ஆனால் சாவில் நிபுணி. தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்ப்பதில்லை. ஊரே காறித் துப்பிய ஒரு வட்டிக்கடைக்காரர் செத்தபோதும் போனாள். "செத்த வீட்டுக்குக் கணக்குப் பார்த்துட்டா போவாங்க?" என்பாள். அவளுடைய கேள்விதான் என் படிக்கல். ஒரு படத்தில் செத்தவனுக்குக் கனம் இருக்கிறதா? அவன் செத்ததால் யாருக்காவது, எங்கேயாவது, ஏதாவது குறைந்ததா? இவ்வளவுதான். இதைக் கேட்கக் கல்லூரிப் பட்டம் தேவையில்லை. ஒரு சாவு வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்தவன் எவனும் கேட்கலாம்.

இந்தப் படிக்கல்லை வைத்துக்கொண்டு பிற்பாடு அந்தப் படத்தை நான் மறுபடியும் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் கோபம் ஏறியது.

படம் எப்படித் தொடங்குகிறது? அந்தத் தீவில் கூண்டின் கதவைத் திறக்கிற ஒரு தொழிலாளியை உள்ளே இருக்கும் பிராணி இழுத்துக் கொன்றுவிடுகிறது. அவன் குடும்பத்தார் 2 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுக்கிறார்கள். பணம் போட்ட முதலாளிகளுக்குக் கவலை வந்துவிடுகிறது. இந்த இடம் பத்திரமானதுதானா என்று பார்த்துவரத்தான் அந்த வக்கீலை அனுப்புகிறார்கள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தத் தொழிலாளியின் பேச்சே கிடையாது. அவன் குடும்பம் என்ன ஆயிற்று? தெரியாது. வக்கீல் வருகிறார், பிராணிகளைப் பார்த்ததும் பணத்தாசை பிடித்துக்கொள்கிறது, இரவில் பயந்து ஓடுகிறார், கக்கூஸில் ஒளிகிறார், சுவர்கள் நாலு பக்கமும் சீட்டுக்கட்டுப்போல விழ, உட்கார்ந்த கோலத்திலேயே இரையாகிறார். பின்னால் அவருடைய மிச்சம் மீதி இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடப்பதை வைத்து இன்னொரு ஹாஸ்யம்.

இந்தக் கதை மைக்கேல் கிரைட்டன் 1990ல் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. நாவலில் அந்த வக்கீல் சாவதில்லை. தைரியமாகச் சில காரியங்கள்கூடச் செய்கிறார். ஓடிப்போய்ச் சாகிறவன் வேறொருவன். ஆனால், இத்தனைக்கும் மூலகாரணமான அந்தப் பணக்காரக் கிழவர் நாவலில் சாகிறார். படத்திலோ அவர் வெள்ளைத் தாடியும் பேரன் பேத்தி பாசமுமாக ஹெலிகாப்டரில் ஏறிப் பத்திரமாகப் போய்விடுகிறார்! தீவை விலைக்கு வாங்கினவன் பிழைத்தான். கூண்டைத் திறந்தவன் செத்தான். சம்பளத்துக்கு வந்த வக்கீல் செத்துச் சிரிப்பானான். தற்செயலாக நடந்த காரியமா இது? உட்கார்ந்து யோசித்துச் செய்த காரியம்.

"ஸ்பீல்பெர்க்குக்குச் சாவைக் காட்டத் தெரியாது என்கிறீரா?" என்று நண்பர் பாய்ந்தார். இல்லை. நன்றாகத் தெரியும். அதுதான் என் புகாரே!

அதே ஸ்பீல்பெர்க் 1975ல் 'ஜாஸ்' எடுத்தார். அதற்காகச் செய்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி மக்கர் பண்ணியதால் படத்தில் பாதிக்கு மேல் சுறாவை முழுசாகக் காட்ட முடியாமல் போயிற்று என்று அந்தப் படத்தைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். காட்டாததால்தான் பயம் அதிகமாயிற்று என்று பாராட்டுவார்கள். சரிதான். ஆனால் எனக்கு அந்தப் படத்தில் சுறாவைவிடப் பெரிய காட்சி ஒன்று உண்டு. கடற்கரையில் குளித்த ஒரு சின்னப் பையன் சுறாவுக்கு இரையாகிவிடுகிறான். மற்றப் பிள்ளைகள் எல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு கரையேற, அவன் தாய் மட்டும் தண்ணீர் ஓரமாக நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவன் மிதந்து போன மெத்தை கிழிந்து கரை ஒதுங்குகிறது. பிறகு ஒருநாள், எல்லாரும் ஏதோ ஒரு சுறாவைப் பிடித்துவிட்டுக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, அந்தத் தாய் கறுப்பு உடையில் வருகிறாள். நேராகப் போலீஸ் அதிகாரியிடம் போகிறாள். பளார் என்று ஓர் அறை. அபாயம் தெரிந்தும் கடற்கரையைத் திறந்து வைத்தாயே, என் பிள்ளை போய்விட்டானே என்கிறாள். ஊர்த் தலைவர் சமாதானம் சொல்கிறார், அவள் சொன்னது தப்பு என்று. அதிகாரி, இல்லை, அவள் சொன்னது சரி என்கிறார்.

அந்த ஓர் அறையில் படம் முழுவதும் நிமிர்ந்து நிற்கிறது! அதற்குப் பிறகு அந்த மனிதர் கடலுக்குப் போவது சாகசத்துக்காக அல்ல. கன்னத்தில் விழுந்த அடிக்காக. வியாபாரம் கெட்டுவிடும் என்று கடற்கரையை மூடாமல் வைத்த ஊரின் பாவத்துக்காக. என் பாட்டி அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் அந்தத் தாய் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாள்.

இன்னும் கேளுங்கள். 'ஜுராஸிக் பார்க்' வெளிவந்த அதே 1993ல், அதே டைரக்டரின் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' வந்தது. போலந்தில் அதைப் படம் பிடித்துக்கொண்டே இதன் கடைசி வேலைகளையும் அவர் கவனித்தார். நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த கதை. கறுப்பு வெள்ளைப் படம். அதில் ஒரு சிறு பெண் குழந்தையின் கோட்டு மட்டும் சிவப்பு. கலவரத் தெருவில் அது தன்பாட்டுக்கு நடந்து போகிறது. பிறகு ஒரு வண்டியில் பிணங்களுக்கிடையே அந்தச் சிவப்புக் கோட்டு போகிறது. ஒரு வசனம் இல்லை. அதன் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆனாலும் நெஞ்சு அடைக்கிறது.

பகலில் அந்தக் குழந்தைக்காக உலகத்தையே அழவைத்தவர், அதே காலத்தில் அந்த வக்கீலுக்காக உலகத்தையே சிரிக்கவைத்தார். தெரியாமல் செய்த பிழையை மன்னித்துவிடலாம். தெரிந்து செய்தால்?

இது ஒருவர் செய்த குற்றமும் அல்ல. ஹாலிவுட் ஒரு பெரிய கணக்குப் பிள்ளை. எந்தச் சாவை வரவில் எழுதுவது, எந்தச் சாவை எழுதாமல் விடுவது என்று அதற்கு நன்றாகத் தெரியும். கதாநாயகனுக்கு வேண்டியவர் செத்தால் வயலின் அழும், காமிரா மெல்ல நெருங்கும், மழைகூடப் பெய்யும். மற்றவன் செத்தால் அடுத்த காட்சி.

1977ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தைச் சொல்கிறேன். குழந்தைகள் கொண்டாடுகிற படம். நானும் குஷியாகப் பார்த்த படம்தான். அதில் இளவரசியின் கண்ணெதிரே அவள் பிறந்த கிரகத்தையே வெடித்துத் தூளாக்கிவிடுகிறார்கள். தாய், தகப்பன், ஊர், நாடு எல்லாம் ஒரு நொடியில் புகை. தூரத்தில் ஒரு கிழவர் மட்டும் நெஞ்சு கலங்கி உட்கார்ந்துவிடுகிறார். இளவரசி? சற்று நேரத்துக்கெல்லாம் துப்பாக்கியும் கிண்டல் பேச்சுமாகத் தாவுகிறாள். அதே கிழவர் பிற்பாடு சாகும்போது, அவரிடம் சில நாளே பழகிய கதாநாயகன் துக்கத்தில் இடிந்து உட்காருகிறான். அவனுக்குப் போர்வை போர்த்தி ஆறுதல் சொல்கிறவள் யார் தெரியுமா? ஒரு கிரகத்தையே பறிகொடுத்த அந்த இளவரசி! அவளுக்கு ஆறுதல் சொல்ல அந்த அண்டவெளியில் ஒரு நாதி இல்லை. நீங்களே சொல்லுங்கள், இது பெண் மனசா, பொம்மை மனசா?

நாற்பது வருஷம் கழித்து வந்த 'அவெஞ்சர்ஸ்' படங்களில் கணக்கு இன்னும் பெரிதாகிவிட்டது. 2018ல் வந்த படத்தில் வில்லன் விரலைச் சொடுக்குகிறான். பிரபஞ்சத்தில் உயிருள்ளவற்றில் சரிபாதி சாம்பல். 2019ல் வந்த அடுத்த படத்தில், ஐந்து வருஷத்துக்குப் பிறகு, இன்னொரு சொடுக்கு. அத்தனை பேரும் திரும்பி வந்துவிடுகிறார்கள். அந்த இரண்டாவது படம் முதல் ஒரு மணி நேரம் துக்கத்தைக் காட்டப் பார்க்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்து வருஷம்! பெண்டாட்டி போனாள் என்று மறுமணம் செய்துகொண்டவன் வீட்டு வாசலில் அவள் வந்து நின்றால் என்ன ஆகும்? பிள்ளை போன துக்கத்தில் செத்துப்போன தாயைத் தேடி அந்தப் பிள்ளை வந்தால்? ஒரு கதை எழுத்தாளனுக்கு இதுவல்லவா கதை! இங்கே மூன்று மணி நேரப் படத்தில் இதற்கு நேரமில்லை, சண்டை இருக்கிறது. கடைசியில் ஒரு கதாநாயகன் சாகிறான். அவனுக்கு மட்டும் ஏரிக்கரையில், மலர் வளையம் மிதக்க, வரிசையாக ஆட்கள் நிற்க, நிதானமான ஈமச்சடங்கு. பாதிப் பிரபஞ்சத்துக்கு ஒரு சொடுக்கு. ஒருவனுக்கு ஓர் ஏரி.

"ஐயா, அது பொம்மைக் கதை. அதில் போய்ச் சாவு வீட்டு நியாயம் பேசுகிறீரே!" என்பார்கள். சரி, பொம்மைக் கதையை விடுங்கள்.

2001ல் 'பிளாக் ஹாக் டவுன்' என்றொரு படம் வந்தது. 1993ல் சோமாலியாவின் தலைநகரான மொகதீஷுவில் அமெரிக்கச் சிப்பாய்கள் மாட்டிக்கொண்ட நிஜச் சண்டையின் கதை. படம் பிடித்த விதத்தைக் குறை சொல்ல முடியாது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி பார்த்தேன். முடிவில் திரையில் எழுத்துக்கள் வருகின்றன. ஆயிரத்துக்கு மேற்பட்ட சோமாலியர்களும் 19 அமெரிக்கச் சிப்பாய்களும் இறந்தார்கள் என்கிறது. பிறகு அந்த 19 பேருடைய பெயர்களும் ஒவ்வொன்றாக வருகின்றன. வரவேண்டியதுதான், அவர்களுக்கும் தாய்மார் உண்டு. ஆனால் அந்த ஆயிரம் பேர்? 'ஆயிரத்துக்கு மேல்'! மேல் என்றால் எத்தனை மேல்? ஒருவனா, நூறு பேரா? 19 என்பது எண்ணிச் சொன்ன தொகை. ஆயிரத்துக்கு மேல் என்பது கூடையில் அள்ளிச் சொன்ன தொகை. படம் முழுவதும் அந்த ஜனங்கள் கூட்டமாக ஓடிவந்து கூட்டமாக விழுகிறார்கள். அவர்களில் எத்தனை பேருடைய முகம் நம் மனசில் நிற்கிறது?

இப்போது இது பொம்மைக் கதைதானா?

நம் நாட்டுக்கும் இந்தக் கணக்கில் ஒரு பங்கு உண்டு. 1984ல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்' படம், இந்தியாவில் நடப்பதாகக் கதை. கதையின் லட்சணத்தைப் பார்த்து நம் சர்க்கார் ஆட்சேபித்ததால் இலங்கையில் கண்டிப் பக்கம் போய் எடுத்தார்கள். அரண்மனை விருந்தில் நாம் குரங்கு மூளை தின்பதாகக் காட்டினார்கள் என்று பலருக்குக் கோபம். எனக்கு அதைவிட வேறோர் இடத்தில் கோபம். காளி கோயிலில் ஒருவனைப் பலி கொடுக்கிறார்கள். உயிரோடு நெஞ்சைப் பிளந்து, நெருப்புக் குழம்பில் இறக்குகிறார்கள். அவன் கதறுகிறான். கதாநாயகனும் அவன் கூட்டாளிகளும் ஒளிந்து நின்று பார்க்கிறார்கள். பார்த்து முடிந்ததும் கதாநாயகன் தான் தேடிவந்த கல்லை எடுக்க இறங்குகிறான். செத்தவன் யார்? எந்த ஊர்? படத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அடுத்து அதே கூண்டில் கதாநாயகியை மாட்டியதும் நம் மூச்சு நிற்கும்படி செய்கிறார்கள். நெருப்பு ஒன்றுதான்; கூண்டு ஒன்றுதான்; உயிர்தான் வேறு விலை.

இவ்வளவு சொல்கிற நான் ஹாலிவுட் படம் எல்லாம் குப்பை என்று சொல்லிவிட்டேன் என்று யாரும் கட்டிவிட வேண்டாம். அப்படிச் சொல்லிப் பெரிய மனுஷன் ஆகிறவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறார்கள். எனக்கும் அவர்களுக்கும் ஒட்டில்லை. 'டைட்டானிக்' வந்தபோது கேலி செய்யவேண்டும் என்றே போனேன். காதல் ஜோடியைப் பார்த்துக் கேலியும் செய்தேன். கப்பல் சாயத் தொடங்கியதும் என் வாய் அடைத்துப் போயிற்று. காரணம் தந்திரக் காட்சி அல்ல. மூன்றாம் வகுப்பு அறையில் ஒரு தாய், இனித் தப்பமுடியாது என்று தெரிந்து, குழந்தைகளைப் படுக்கவைத்துக் கதை சொல்லித் தூங்கப்பண்ணுகிறாள். தண்ணீர் ஏறுகிற அறையில் ஒரு வயசான தம்பதி கட்டிலில் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அப்படி ஒரு தம்பதி நிஜமாகவே அந்தக் கப்பலில் இருந்தார்கள்: இஸிடோர் ஸ்ட்ராஸ், அவர் மனைவி ஐடா. புருஷனை விட்டுவிட்டுப் படகில் ஏறமாட்டேன் என்று அந்த அம்மாள் நின்றுவிட்டாள். 1912 ஏப்ரல் 15ந் தேதி அந்தக் கப்பலோடு போனவர்கள் சுமார் 1500 பேர். காமரன் அந்த 1500 பேரையும் காட்டவில்லை, காட்டமுடியாது. ஐந்தாறு பேரைக் காட்டி, மீதிப் பேரும் இப்படித்தான் ஒவ்வொருவராக இருந்திருப்பார்கள் என்று நம்மை உணரவைத்துவிட்டார். கடைசியில் ஒரு படகு திரும்பி வருகிறது. டார்ச் வெளிச்சத்தில், குழந்தையை அணைத்தபடி உறைந்துபோன ஒரு தாய். வந்தது தாமதமாகிவிட்டது என்று அந்த அதிகாரி உணரும் நிமிஷத்துக்கு ஈடாக எந்த வெடிச் சத்தத்தையும் நான் வைக்கமாட்டேன்.

ஆனால் அதே படத்தில், செங்குத்தாக நிற்கிற கப்பலிலிருந்து ஒருவன் விழுந்து, அடியில் உள்ள விசிறியில் மோதிப் பம்பரமாய்ச் சுற்றிப் போகிறான். கொட்டகையில் சிரிப்பு எழுந்தது. என் பாட்டியின் குரல் காதில் கேட்டது. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

"செத்தவனுக்கெல்லாம் அழுதுகொண்டிருந்தால் படம் எப்படி நகரும்? ஜனங்கள் எப்படிப் பார்ப்பார்கள்?" இது அடுத்த ஆட்சேபம். அதற்கும் 'டைட்டானிக்'கே பதில். கனம் இருந்ததால் அந்தப் படம் மூழ்கிவிட்டதா? உலகம் முழுக்க ஓடியது. 'ஜாஸ்' ஓடியது. 1972ல் வந்த 'காட்ஃபாதர்' ஓடியது. அதில் அந்தத் தலைவர் எத்தனை பேரைக் கொல்ல உத்தரவு போட்டவர்! ஆனால் தம் மூத்த மகனைச் சல்லடையாகச் சுட்டுப் போட்டதும், பிணங்களை அலங்காரம் செய்கிற ஒரு மனிதரிடம் போய் நிற்கிறார். முன்னொரு நாள் இவரிடம் உதவி கேட்டு வந்தவர் அவர். இவன் தாய் இவனை இந்தக் கோலத்தில் பார்க்கக்கூடாது, எப்படியாவது சரிசெய்து கொடு என்று கேட்கிறார். கொலைகாரனும் ஒரு பிணத்துக்கு முன்னால் தகப்பனாகிவிடுகிறான். கூட்டம் வராமல் போயிற்றா என்ன? ஜனங்களுக்கு அழத் தெரியும். அவர்களுக்குச் சிரிக்க மட்டும்தான் தெரியும் என்று முடிவு கட்டியவர்கள் வியாபாரிகள்.

"நம் ஊர்ப் படங்களில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றும் வாழவில்லை. அங்கேயும் கதாநாயகனிடம் அடிபட்டு விழுகிறவனுக்கு அம்மா கிடையாது. அந்தச் சண்டைக்கும் நான் தயார். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டில் கூரை ஒழுகுகிறது என்பதற்காக இந்த வீட்டில் ஒழுகுவது நிற்காது.

நண்பருக்கும் எனக்கும் பெரிய சண்டை 'ஆப்பன்ஹைமர்' படத்தில்தான் வந்தது. 2023ல் வந்த படம். அணுகுண்டு செய்தவரின் கதை. ஹிரோஷிமாவை ஒரு தடவைகூடக் காட்டாததுதான் டைரக்டரின் மேதை என்றார் நண்பர். அங்கே நடந்ததைப் படங்களாகத் திரையிட்டுக் காட்டுகிற ஒரு காட்சி வருகிறது. நமக்கு அந்தப் படங்கள் தெரிவதில்லை. ஆப்பன்ஹைமரின் முகம் மட்டும் தெரிகிறது. அவர் பார்க்கமுடியாமல் தலையைத் திருப்பிக்கொள்கிறார். நல்ல காட்சி, நடிகரும் நல்ல நடிகர். முதலில் எனக்கும் நெஞ்சு கனத்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு யோசித்தேன். 1945 ஆகஸ்ட் 6ந் தேதி போட்ட குண்டினால் அந்த வருஷக் கடைசிக்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர் என்று கணக்கு. அந்த 1,40,000 பேருடைய கனமும் ஓர் அமெரிக்கரின் முகச்சுளிப்பில் அடங்கிவிட்டதா? கைதட்டுகிற கூட்டத்தில் ஒரு பெண்ணின் தோல் உரிவதாக அவருக்குத் தோன்றுகிறது. அந்த முகமும் அமெரிக்க முகமே. மூன்று மணி நேரப் படத்தில் ஒரு ஜப்பானியத் தாயின் முகத்துக்கு ஒரு நிமிஷம் இல்லை. குண்டு போட்டவர் மனசு எப்படி வலித்தது என்று பார்த்துவிட்டோம். குண்டு விழுந்தவர் உடம்பு எப்படி வலித்தது? உலகமெல்லாம் ஓடி, எட்டு மாதம் கழித்துத்தான் அந்தப் படம் ஜப்பானில் திரைக்கு வந்தது. அங்கே பார்த்தவர்கள் எதை நினைத்துக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்திருப்பார்கள் என்று யோசிக்கிறேன்.

"அது ஆப்பன்ஹைமரின் கதை, ஐயா! அவர் பார்த்ததைத்தானே காட்டமுடியும்?" என்றார் நண்பர். இதில் நியாயம் இருக்கிறது. நானும் ஒருவன் பார்வையில் கதை எழுதுகிறவன்தான். ஆனால் யாருடைய கதையைச் சொல்வது என்று தேர்ந்தெடுப்பது யார்? எத்தனையோ வருஷமாக ஒரு பக்கத்து ஆளையே தேர்ந்தெடுத்துவிட்டு, பார்வை அவனுடையது என்று கையைக் கழுவிக்கொண்டால் எப்படி?

இதில் எனக்கு என்ன இத்தனை ஆத்திரம் என்று கேட்கலாம். காரணம், அந்தப் பழக்கம் கொட்டகையோடு நிற்பதில்லை. என்னையே சொல்கிறேன். ஒருநாள் காலையில் பத்திரிகையைப் பிரித்தேன். ஏதோ ஒரு தூர தேசத்தில் வெள்ளம். இறந்தவர் தொகை நூற்றுக்கணக்கில். அதைச் சத்தம் போட்டு வாசித்துவிட்டு, அதே மூச்சில், "காப்பியில் சர்க்கரை கம்மி" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது, நான் சொன்னது. கூடையில் அள்ளிச் சொன்ன சாவுகளைக் கண்டு பழகிய கண்ணுக்குப் பத்திரிகையில் வருகிற சாவும் அடுத்த காட்சிக்கு முந்தின காட்சியாகிவிடுகிறது. சினிமா எனக்குக் கொலை செய்யக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தப் பழைய குற்றச்சாட்டை நான் நம்புகிறவன் அல்ல. எந்தச் சாவுக்குத் துக்கம் வேண்டாம் என்று கற்றுக்கொடுத்துவிட்டது. அது இன்னும் மோசம்.

நம்மைப் போன்றவர்கள் சொல்லி என்ன ஆகும் என்றும் இருந்துவிடக்கூடாது. 2013ல் 'மேன் ஆஃப் ஸ்டீல்' வந்தது. சூப்பர்மேனும் வில்லனும் சண்டை போட்டு நகரத்தின் நடுப்பகுதியையே தரைமட்டமாக்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் கதி என்ன என்று படம் கவலைப்படவில்லை. பார்த்தவர்கள் முணுமுணுத்தார்கள், பண்டிதர்களும் சரி, சாமான்யர்களும் சரி. 2016ல் அதே டைரக்டரின் அடுத்த படம் வந்தது. அது எங்கே தொடங்குகிறது? அதே சண்டையைக் கீழே, தெருவிலிருந்து பார்ப்பதில். ஒருவன் புழுதிக்குள் ஓடுகிறான், கட்டிடத்தில் அவனிடம் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள், கட்டிடம் விழுகிறது. தெருவில் நிற்கிற ஒரு சின்னப் பெண்ணை உன் அம்மா எங்கே என்று கேட்கிறான். அவள் இடிந்த கட்டிடத்தின் பக்கம் கையைக் காட்டுகிறாள். மீதிப் படம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கையைக் காட்டுவதற்கு நான் மரியாதை செய்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கட்டிடம் வெறும் அட்டைக் கட்டிடம். இப்போது அதற்குள் ஓர் அம்மா இருந்தாள்.

என் பாட்டி கேட்ட கேள்வியை நாலு பேர் உரக்கக் கேட்டால் ஹாலிவுட்டின் காதிலும் விழும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அதனால்தான்.

சண்டை முடிகிற நேரத்தில் நண்பரை நான் ஒரு கேள்வி கேட்டேன்: "ஜுராஸிக் பார்க் படத்துக்குக் காமிரா யார்?"

கண் இமைக்குமுன் பதில் வந்தது: "டீன் கண்டி."

"அந்த வக்கீலின் பெயர் என்ன?"

நண்பர் யோசித்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "அந்தக் கக்கூஸ் ஆசாமிதானே? அவனுக்குப் பெயர் இருக்கிறதா என்ன?" என்று சிரித்தார்.

இருக்கிறது. டொனால்ட் ஜென்னாரோ. ஹாலிவுட் படங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு இருக்கிற யோக்கியதை இது ஒன்றுதான்.